சுரங்கத்துக்கு மறுக்கப்பட்ட காற்று

1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் என்னுமிடத்துள்ள அணுமின் நிலையத்தில் அபாய மணி ஒலித்தது. நிலையத்தைவிட்டு வெளியேறுவோரின் உடலிற் கதிரியக்கத் தூசு படிந்துள்ளதா என்று சோதிக்க வைக்கப்பட்டிருந்த பொறி, அங்கு கடமையாற்றிய பொறியியலாளர் ஒருவர் கடந்து செல்லும்போதெல்லாம் ஓசை எழுப்பியது. நிலையத்தின் எப்பகுதியிலும் கசிவு காணப்படவில்லை. அணு உலையோ இன்னும் மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கியிருக்கவில்லை. ஈற்றில் அவர் காலையில் வேலைக்கு வந்து உள்நுழையும்போதே சோதிக்கப்பட்டார். மணி அப்பொழுதும் ஒலித்தது. தொழிற்றலத்து நஞ்சு அவரோடு வீட்டுக்குப் போகவில்லை. வீட்டு நஞ்சே அவரோடு தொழிற்றலத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அவரது வீட்டுக் காற்றை அளந்தவர்கள் திகைத்தனர். நிலத்தின் கீழிருந்து கசிந்த ரேடன் என்னும் வாயு, ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பெக்கரல் அளவில் அங்கு நிறைந்திருந்தது. அதாவது, அவ்வளவு காற்றில் ஒவ்வொரு செக்கனிலும் ஓர் இலட்சம் ரேடன் அணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன. குடும்பத்தினர் வீட்டைவிட்டு வெளியேறினர். பத்திரிகைகள் புதியதோர் அபாயம் கண்டுபிடிக்கப்பட்டதாக எழுதின. நான்கே ஆண்டுகளில், 1988இல், வீடுகளிலுள்ள ரேடனைக் குறைப்பதற்கென அமெரிக்கப் பேரவை தனிச்சட்டமொன்றை நிறைவேற்றியது.

அதே 1984ஆம் ஆண்டில் அந்நாட்டின் மறு கோடியில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. யுரேனியச் சுரங்கங்களில் வேலைசெய்து சுவாசப்பைப் புற்றுநோயால் மாண்ட நவாஹோ செவ்விந்தியத் தொழிலாளரின் குடும்பத்தினரும், நோயுற்று உயிரோடிருந்த தொழிலாளரும் அரசாங்கத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கை அரிசோனா சமஷ்டி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசாங்கம் தன் விவேகத்தின்படி எடுத்த முடிவுகளுக்காக அதன்மீது வழக்குத் தொடர முடியாது என்பதே காரணமாகக் கூறப்பட்டது. அவர்களைக் கொன்ற வாயுவும் இதே ரேடன்தான்.

பொறியியலாளரின் வீட்டிற் புதிய அபாயமாகத் தோன்றியது, சுரங்கத்தில் நானூறு ஆண்டு வயதுடைய பழைய அபாயமாகும். ஒன்று எப்பொழுது அறியப்பட்டது என்பது வேறு. யாருடைய நன்மைக்காக அவ்வறிவு செயலாகியது என்பது வேறு. ரேடனின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தின் வரலாறேயாகும்.

முதலில் இவ்வாயுவின் இயல்பை அறிந்துகொள்வது அவசியம். பூமியின் பாறைகளிலும் மண்ணிலும் யுரேனியம் சிறிதளவேனும் எங்கும் கலந்துள்ளது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடனாகிறது. திண்மமாக இருக்கும்வரை பாறைக்குள் அடங்கிக் கிடந்த பொருள், இக்கட்டத்தில் வாயுவாகி வெளியேறும் வழியைப் பெறுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. மூன்று நாளும் இருபது மணித்தியாலமும் கழிவதற்குள் அதில் அரைவாசி சிதைந்துவிடும். சிதைவினால் உண்டாகும் பொலோனியம், ஈயம், பிசுமது ஆகியவற்றின் கதிரியக்க அணுக்கள் மீண்டும் திண்மப் பொருள்களே. அவை காற்றிலுள்ள தூசியோடு ஒட்டி, மூச்சுடன் உட்சென்று சுவாசக் குழாயின் சுவரிற் படிந்து, அங்கேயே அல்பாக் கதிரை வீசுகின்றன. ஒரு கடதாசித் துண்டைக் கூட ஊடுருவ இயலாத அக்கதிர், சுவாசப்பையின் மென்மையான உயிரணுக்களுக்கு அருகிலிருந்து வீசப்படும்போது அவற்றைச் சேதப்படுத்துகிறது. திறந்த வெளியில் ரேடன் காற்றோடு கலந்து ஐதாகிவிடும். அடைபட்ட இடத்திலேயே அது கொடியதாகிறது. சுரங்கத்தைப் போல் அடைபட்ட இடம் வேறெது?

ஜேர்மனியின் சக்சனிக்கும் பொகீமியாவுக்கும் இடையே தாதுமலை எனப் பொருள்படும் பெயருடைய மலைத்தொடர் உள்ளது. அதன் ஒரு புறம் ஷினீபேர்க், மறு புறம் யோவாகிம்ஸ்தால். இன்று செக் நாட்டில் யாக்கிமோவ் எனப்படும் இந்த யோவாகிம்ஸ்தாலின் வெள்ளியில் வார்க்கப்பட்ட 'தாலர்' நாணயத்தின் பெயரிலிருந்தே 'டொலர்' என்னும் சொல் பிறந்தது. 1527ஆம் ஆண்டில் இந்நகரின் வைத்தியராக அமர்ந்த அக்ரிக்கோலா, சுரங்கத் தொழிலாளரை அரித்துக் கொல்லும் நெஞ்சு நோயை நேரிற் கண்டவர். அவர் மறைந்தபின் 1556இல் வெளிவந்த உலோகங்கள் பற்றிய அவரது பெருநூல், கார்ப்பேதிய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாகக் கூறுகிறது. அதே நூல் சுரங்கத்துள் நற்காற்றைச் செலுத்துவதற்கான விசிறிகளையும் துருத்திகளையும் படங்களோடு விவரிக்கிறது. நோய்க்குப் பெயர் தெரியாத காலத்திலேயே அதற்கெதிரான கருவி தெரிந்திருந்தது என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஷினீபேர்க் நோய் எனப்பட்ட அது சுவாசப்பைப் புற்றுநோயே என்பதை 1879இல் ஹேர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர். அச்சுரங்கத் தொழிலாளருள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வரை அதனாலேயே மாண்டனர் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஆனால் நோயின் காரணம் புலப்படவில்லை. அதனைக் காட்டும் பௌதிகவியல் அன்று பிறந்திருக்கவில்லை.

பெக்கரல் 1896இல் யுரேனியத்தின் கதிரியக்கத்தைக் கண்டார். கியூரி தம்பதியர் 1898இல் யோவாகிம்ஸ்தால் தாதுவிலிருந்தே ரேடியத்தைக் கண்டனர். 1899இல் றதபோட் தோரியத்திலிருந்து கதிரியக்க வாயு ஒன்று வெளிப்படுவதைக் கண்டார். 1900இல் டோர்ன் என்னும் ஜேர்மானியர் ரேடியத்திலிருந்தும் அத்தகைய வாயு எழுவதைக் காட்டினார். இவ்விரண்டாவது வாயுவே பிற்காலத்தில் ரேடன் எனப் பெயர் பெற்றது.

இவ்விடத்தில் எமது நாட்டுக்கு இவ்வரலாற்றோடுள்ள ஒரு தொடர்பையும் குறிப்பிடுதல் தகும். 1904ஆம் ஆண்டளவில், ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்த காலத்தில், சப்பிரகமுவாவின் மணற்படைகளிலிருந்து தோரியனைற்று என்னும் கனிமம் உலகுக்கு அறிமுகமாயிற்று. இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குச் சென்ற அக்கனிமத்திலிருந்தே ஒட்டோ ஹான் 1905இல் ரேடியோதோரியம் என்னும் புதிய கதிரியக்கப் பொருளைப் பிரித்தார். றதபோட் கண்ட தோரிய வாயு, ரேடனின் உடன்பிறப்பு. அரைவாசி சிதைய ஒரு நிமிடங்கூடத் தேவைப்படாதது. ஆய்வுகூடத்திற் கனிமத்தைப் பகுத்தவரின் பெயரை வரலாறு போற்றுகிறது. அதனை மண்ணிலிருந்து கழுவியெடுத்த கூலியாளனின் பெயரை அது கேட்பதில்லை. தாதுமலையிலும் நிலைமை வேறன்று.

காரணம் அறியப்பட்டபின் என்ன நிகழ்ந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஷினீபேர்க் சுரங்கக் காற்றில் இவ்வாயு பெருமளவில் இருப்பது அளந்தறியப்பட்டது. ஆயினும் அக்காலத்தில் ரேடியம் செல்வந்தரின் மோகப்பொருளாக விளங்கியது. 1906இல் யோவாகிம்ஸ்தாலில் கதிரியக்க நீரிற் குளிக்கும் சுகவாச நிலையம் திறக்கப்பட்டது. குடிநீரில் ரேடனை ஏற்றுவதற்கான மண்சாடிகள் அமெரிக்காவில் விற்பனையாயின. பூமியின் கீழே மனிதனை மாய்த்த அதே வாயு, பூமியின் மேலே மருந்தென்று விலைபேசப்பட்டது! 1920களின் நடுப்பகுதியிலேயே ஜேர்மனி ஷினீபேர்க் நோயைத் தொழில் நோயாக அங்கீகரித்தது. 1932இல் செக்கோசிலவாக்கியா அதனைப் பின்பற்றியது. எனவே, இரண்டாவது உலக யுத்தம் மூள்வதற்கு முன்னரே, யுரேனியச் சுரங்கக் காற்று புற்றுநோயைத் தரும் என்பது ஐரோப்பிய வைத்தியர் அறிந்த செய்தியாயிற்று.

ஹிரோஷிமாவுக்குப் பின் யுரேனியம் வல்லரசுகளின் பசியாயிற்று. அமெரிக்காவில் அணுசக்தி ஆணைக்குழுவே யுரேனியத்தின் ஒரே கொள்வனவாளராக இருந்தது. கொலராடோ மேட்டுநிலத்துச் சிறு சுரங்கங்களில், விசிறியோ காற்றுக் குழாயோ இன்றி, வெடிவைத்த புகை அடங்குமுன்னரே தொழிலாளர் உள்ளே அனுப்பப்பட்டனர். நவாஹோ மொழியில் கதிரியக்கம் என்பதற்குச் சொல்லே இருக்கவில்லை. அச்சொல்லை அவர்களுக்கு விளக்கவும் எவரும் முன்வரவில்லை. 1950இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவை இத்தொழிலாளரை ஆராயத் தொடங்கியது. சுவாசப்பையைத் தாக்குவது ரேடனைவிட அதன் சிதைவுப் பொருள்களே என்பதை 1951இல் வில்லியம் பேல் விளக்கினார். சுரங்கங்களை அளந்த டங்கன் ஹோலடே, காற்றோட்டம் செய்தால் ஆபத்துப் பெரிதும் குறையும் என்று மேலதிகாரிகளுக்கு மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். ஆனால் சுரங்கங்களின் பாதுகாப்புத் தன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என ஆணைக்குழு கைவிரித்தது. ஆராயப்பட்ட தொழிலாளருக்கோ அவர்களை எதிர்நோக்கிய ஆபத்து அறிவிக்கப்படவில்லை. இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன, இறந்தோர் எண்ணப்பட்டனர். தொழில் அமைச்சர் விலார்ட் வேட்ஸ் சமஷ்டி வரம்பொன்றை விதித்தது 1967இலேயே.

இதனை முதலாளித்துவத்தின் குற்றமென்று மட்டும் எழுதி முடித்துவிடலாம். ஆனால் உண்மை அதற்கு இடந்தரவில்லை. அதே காலத்தில், தொழிலாளரின் அரசு எனத் தம்மை அழைத்துக்கொண்ட நாடுகளிலும் இதே கொடுமை நிகழ்ந்தது. யாக்கிமோவ் சுரங்கங்களில் செக்கோசிலவாக்கிய அரசு அரசியற் கைதிகளைக் கட்டாய வேலையில் ஈடுபடுத்தியது. கிழக்கு ஜேர்மனியில் 1947 முதல் விஸ்முத் நிறுவனம் சோவியத்தின் அணுகுண்டுக்காக யுரேனியம் தோண்டியது. முதற்பத்தாண்டு காலத்தில் அங்கு உலர்துளையிடலும் போதாத காற்றோட்டமுமே நிலவின. நோய் பற்றிய கணக்குகள் இரகசியமாகப் பேணப்பட்டன. அங்கு உற்பத்தி நின்ற 1990ஆம் ஆண்டு வரையில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சுவாசப்பைப் புற்றுநோயாளர் தொழில் நோயாளராக ஏற்கப்பட்டிருந்தனர். ஷினீபேர்க் நோயைப் பற்றி நன்கறிந்த மண்ணிலேயே இது நிகழ்ந்தது. தொழிலாளியின் பெயரால் ஆள்வது ஒன்று. அவனுடைய மூச்சுக்குப் பொறுப்பேற்பது இன்னொன்று. இவ்வேறுபாட்டை மறைப்பது முற்போக்குச் சிந்தனைக்கு அழகன்று.

சுரங்கத்தின் நஞ்சு வீடுகளுக்குட் புகுந்ததும் முதலில் எளியவரின் வழியாகவே. கொலராடோவின் கிராண்ட் ஜங்சன் நகரில், யுரேனிய ஆலையின் கழிவு மணல் இலவசமாகக் கிடைத்ததால் வீடுகளின் அத்திவாரத்தின் கீழ் அதனைப் பரப்பினர். 1966இல் இது வெளிப்பட்டது. அதனை அகற்றுவதற்கு 1972இற் சட்டம் இயற்றப்பட்டது. நவாஹோ மக்கள் சுரங்கக் கழிவுக் கற்களாலேயே வீடு கட்டிக்கொண்டனர். யாக்கிமோவிலும் அவ்வாறே. சுவீடனிலோ கதை சற்று வேறு. அங்கு 1929 முதல் 1975 வரை, யுரேனியம் செறிந்த மாக்கல்லிலிருந்து செய்யப்பட்ட நீலக் கொங்கிறீற்றுக் கட்டடப்பொருளாகப் பயன்பட்டது. 1950களில் அந்நாட்டு ஹுல்ற்குவிஸ்ட் வீடுகளுட் செய்த அளவீடுகள் இத்துறையின் முன்னோடி முயற்சிகளாகும். ஆகவே, பென்சில்வேனியாப் பொறியியலாளரின் வீட்டுக்கு முன்னரே வீட்டு ரேடன் அறியப்பட்டிருந்தது. அவ்வீடு புதிதாகக் காட்டியது ஒன்றே: கழிவு மணலும் இன்றி, நீலக் கொங்கிறீற்றும் இன்றி, இயற்கை நிலத்திலிருந்து மட்டுமே ஒரு நடுத்தர வர்க்கத்து வீடு சுரங்கத்தையும் மிஞ்ச முடியும்.

இனி, வீட்டில் ரேடனை அறிவதும் குறைப்பதும் எவ்வாறு என்பதைப் பார்ப்போம். குளிர்நாட்டு வீட்டில் வெப்பமூட்டப்பட்ட காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. அதனால் வீட்டின் அடியில் அமுக்கம் குறைகிறது. வீடு நிலத்திலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. சீமெந்துத் தளத்தின் வெடிப்புகள், சுவரும் தளமும் சந்திக்கும் இடைவெளி, குழாய்கள் புகும் துவாரங்கள் ஆகியவற்றினூடாக மண்வாயு உள்ளே வருகிறது. அடுத்தடுத்த இரு வீடுகளிலேயே அளவு பெரிதும் வேறுபடுமாதலால், அயல்வீட்டின் கணக்கு நம் வீட்டுக்கு உதவாது, அளந்தே அறியவேண்டும்.

அளக்கும் முறை எளியது. சிறு பேணியிலுள்ள கரியைத் திறந்து இரண்டு முதல் ஏழு நாள் வரை அறையில் வைத்து, மூடி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது ஒரு முறை. கரி இவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும் என்பதை 1906இலேயே றதபோட் காட்டியிருந்தார். சிறிய பிளாஸ்ரிக் தகட்டை மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை வைத்திருப்பது மற்ற முறை. அல்பாத் துணிக்கை தகட்டில் ஏற்படுத்தும் தழும்பைக் காரத்தில் அரித்துப் பெரிதாக்கி, நுணுக்குக்காட்டியில் எண்ணுவர். கருவியை மக்கள் வாழும் பகுதிகளுள் மிகத் தாழ்ந்த தளத்தில், சமையலறைக்கும் குளியலறைக்கும் புறம்பாக, மூச்சுவிடும் உயரத்தில் வைக்கவேண்டும். குறுங்காலச் சோதனையாயின் பன்னிரண்டு மணித்தியாலம் முன்னரே யன்னல்களையும் வெளிக்கதவுகளையும் மூடவேண்டும். ரேடனின் அளவு நாளுக்கு நாளும் பருவத்துக்குப் பருவமும் மாறுவதால் நீண்டகாலச் சோதனையே நம்பத்தக்கது. கன மீற்றருக்கு நூறு பெக்கரல் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் விரும்பத்தக்க எல்லையாக விதந்துரைத்தது. அதனை எட்ட முடியாத நாடுகளும் முந்நூறைத் தாண்டலாகாது என்றது. அமெரிக்காவின் நடவடிக்கை எல்லை ஏறத்தாழ நூற்றைம்பது.

அளவு மிஞ்சினால் வெடிப்புகளை அடைப்பது மட்டும் போதாது; வாயு வேறு வழி கண்டுகொள்ளும். சீமெந்துத் தளத்திற் துவாரமிட்டு, அதன் கீழுள்ள சரளைக்கற் படைக்குள் ஒரு குழாயை இறக்கி, அக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தி, இடையில் ஓயாது சுழலும் மின்விசிறி ஒன்றைப் பொருத்துவதே சிறந்த வழி. விசிறி தளத்தின் கீழிருந்து காற்றை உறிஞ்சுவதால், அங்குள்ள அமுக்கம் வீட்டினுள்ளிருப்பதிலும் குறைகிறது. வாயு வீட்டுக்குட் புகாமல் வானத்துக்குச் செல்கிறது. தக்கவாறு அமைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குவரை ரேடனைக் குறைக்கலாம். அதன்பின் மீண்டும் அளந்து உறுதி செய்யவேண்டும். புதிய வீடாயின் கட்டும்போதே சரளையும் பிளாஸ்ரிக் விரிப்பும் குழாயும் இட்டுவைப்பது இன்னும் மலிவு.

பென்சில்வேனியா வீடும் இவ்வகை வேலைகளாற் சில மாதங்களில் திருத்தப்பட்டு, அக்குடும்பம் அங்கு மீண்டும் குடியேறியது. ஒரு குழாய், ஒரு விசிறி! அக்ரிக்கோலாவின் நூல் படம் வரைந்து காட்டியதும், ஹோலடே மன்றாடிக் கேட்டதும், மண்ணினடியில் உழைத்தவருக்கு மறுக்கப்பட்டதும் இதுதான்.

இங்கு மற்றோர் உண்மையையும் நோக்கவேண்டும். வீட்டில் எவ்வளவு ரேடன் எவ்வளவு ஆபத்தைத் தரும் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்று 1999இல் வெளியிட்ட அறிக்கை, பதினொரு தொழிலாளர் தொகுதிகளைச் சேர்ந்த அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட சுரங்கத் தொழிலாளரின் வாழ்வையும், அவர்களுள் 2,600க்கு மேற்பட்டோரின் சுவாசப்பைப் புற்றுநோய் மரணத்தையும் ஆதாரமாகக் கொண்டது. சுரங்கக் கணக்கு வீட்டுக்குப் பொருந்துமா என ஐயுற்றோரும் இருந்தனர். ஐரோப்பாவில் வீடுகளிலேயே செய்யப்பட்ட பதின்மூன்று ஆய்வுகள் 2005இல் ஒன்றுசேர்க்கப்பட்டபோது அவ்வையம் நீங்கியது. நூறு பெக்கரல் கூடும்தோறும் சுவாசப்பைப் புற்றுநோயின் வாய்ப்பு நூற்றுக்குப் பதினாறு பங்கு உயர்வதாக அவை காட்டின. புகைபிடிப்போருக்கு இவ்வாபத்துப் பன்மடங்காகும். இன்று ஒரு வீட்டுக்காரர் தம் பிள்ளைகளைக் காக்கும் அட்டவணையின் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால், இன்னார் எனப் பெயர் அறியப்படாத தொழிலாளியின் இறுதி மூச்சு இருக்கிறது.

1990இல் அமெரிக்கப் பேரவை சட்டத்தின் மூலம் யுரேனியத் தொழிலாளரிடம் மன்னிப்புக் கோரி, தகுதியுடைய ஒவ்வொருவருக்கும் ஓர் இலட்சம் டொலர் ஈடு வழங்க ஒப்புக்கொண்டது. பலருக்கு அது கல்லறையின்மேல் வைத்த காசாயிற்று. வீடுகளுள்ளும் ஏற்றத்தாழ்வு ஒழியவில்லை. சொந்த வீடுள்ளவர் தளத்தைத் துளைத்துக் குழாய் இறக்கலாம். வாடகைக் குடியிருப்பாளர் அளந்தறியலாம். ஆனால் பிறருடைய தளத்தைத் துளைக்க முடியாது. அமெரிக்காவில் வீட்டை விற்கும்போது ரேடன் பற்றி வெளிப்படுத்தவேண்டும் என்னும் விதி பல மாநிலங்களில் உண்டு. வாடகைக்கு விடும்போது அக்கடப்பாடு அருகியே காணப்படுகிறது. விற்பனைப் பொருளின் மதிப்புக்குக் கிடைத்த காவல், உள்ளே மூச்சுவிடும் மனிதனுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

காற்று தடையின்றி வந்துபோகும் வீடுகளில் ரேடன் எளிதில் தேங்காது. யன்னல்களை மூடிக் குளிரூட்டும் அறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆயினும் எமது ஆசிரியரும் மாணவரும் இவ்வரலாற்றிற் கற்கவேண்டியது யன்னலைத் திறக்கும் பாடத்தை மட்டுமன்று. விஞ்ஞானம் உண்மையைக் கண்டு கூறும். ஆனால் அவ்வுண்மை தானாக நடந்து சென்று தொழிலாளியின் சுரங்கத்தில் விசிறியைப் பூட்டாது. கேட்பதற்குச் சங்கமும், கட்டளையிடச் சட்டமும், மறைக்கப்பட்டதை வெளியிட மனத்துணிவும் வேண்டும். நவாஹோ விதவைகள் தம் கணவன்மாரின் மரணத்தைத் தாமே எண்ணி, தாமே கூடி, தாமே வாதாடிய பின்னரே 1990ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. கல்குவாரியிலோ ஆலையிலோ தொழிலாளி ஒருவன் இருமுகின்ற ஓசையைக் கேட்கும்போது, இதற்கான விசிறி எங்கோ ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதா, அதனை இங்கே வராமற் தடுத்து நிற்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் எமது வகுப்பறைகளில் வளரவேண்டும்.